இறுகிப்போன மூடி: மொரிஸ் மைனரும் இறக்குமதி நின்ற காலங்களும்



பராக்கிரமபாகு கட்டிய குளங்களைப் பற்றிக் கேட்டால் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். தன் மூத்தாப்பாவின் கொட்டிலில் தகரத்துக்குக் கீழே நிற்கும் கார் எப்படி இந்த ஊருக்கு வந்தது, ஐம்பது அறுபது வருடம் எப்படி ஓடியது என்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுவார்கள். இந்தப் பதிவு அந்தக் காரைப் பற்றியது. இன்னும் குறிப்பாக, அதன் எஞ்சினின் முன்பக்கத்தில் மூன்று ஸ்டட்களின் மேல் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கையளவு அலுமினிய மூடி ஒன்றைப் பற்றியது. அந்த மூடி ஏன் கழராமல் இறுகுகிறது, அதை வீட்டிலேயே கழற்ற நம்மவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதற்குள் இந்நாட்டின் பொருளாதார வரலாறு நிறையக் கிடக்கிறது. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அவர் பிறந்தது 1906 இல், உஸ்மானியப் பேரரசின் ஸ்மிர்னா துறைமுகத்தில். இன்றைய துருக்கியின் இஸ்மிர் அது. கம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபு, அதாவது வில்லியம் மொரிஸ், அந்தக் காரின் உருண்டை வடிவத்தைப் பார்த்து முட்டைக்கு ஒப்பிட்டு நையாண்டி செய்தாராம். ஆனால் அந்த முட்டைதான் பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்டது, 1960 டிசம்பரில். 1971 இல் உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள்.

வில்லியம் மொரிஸ் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். அவர் பெரிய படிப்புப் படித்த பொறியியலாளர் அல்ல. 1893 இல், பதினாறு வயதில், 4 பவுண் முதலோடு ஒக்ஸ்போர்டில் பெற்றோரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் சைக்கிள் திருத்தத் தொடங்கியவர். அங்கிருந்து மோட்டார் சைக்கிள், பிறகு கார். நமது ஊரில் வீட்டுக் கொட்டிலில் கார் திருத்துபவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று கணக்கெடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் காரே ஒரு வீட்டுக் கொட்டிலில் இருந்து வந்ததுதான்.

1952 முதல் மைனருக்குள் வைத்த எஞ்சினை ‘ஏ சீரிஸ்’ என்பார்கள். ஒஸ்டின் ஏ30 காருக்காக 1951 இல் வந்தது, 803 சீசீ. 1956 இல் 948 ஆனது, 1962 இல் 1098 ஆனது. புளொக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடித்து வைப்பவை ஒன்பது ஸ்டட். மேலே சொன்ன அலுமினிய மூடி இந்த ஹெட்டின் முன் முனையில் இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வந்து சேரும் இடம் அதுதான். அதற்கு உள்ளே தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடு ஏறியதும் திறந்துவிடும் சிறு வால்வ்.

இப்போது வேதியியல். இரும்பு ஸ்டட், அதைச் சுற்றி அலுமினிய மூடி, இடையில் கசியும் தண்ணீர். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சிறு பற்றரி. சாதாரண தரத்துப் பிள்ளைகள் மின்கலம் பற்றிப் படிப்பதே இங்கே நடக்கிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக மாறும். அந்தப் பொடி தின்ற உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும். போவதற்கு இடம் இல்லாததால் துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் நெருங்கி, சீமெந்து போட்டது போல இறுக்கிவிடும். நட்டைக் கழற்றியும் மூடி அசையாது. இரும்பு துருப்பிடிக்கும்போதும் இதே கதைதான். துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு பருமன்.

இங்கிலாந்தில் பனிக்காலம் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் புளொக் வெடிக்கும் என்ற பயத்தில் ‘அன்டிஃப்ரீஸ்’ ஊற்றுவார்கள். அதில் உறையாமல் காக்கும் மருந்தோடு துருவைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். நமக்கு நுவரெலியாவைத் தவிர எங்கே உறைபனி? ஆகவே, “நமக்கு எதற்கு அது?” என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். கரையோர ஊர்களில் அந்தத் தண்ணீர் சவர்த் தண்ணீர். உறைவது நின்றது உண்மை; துருப்பிடிப்பது கூடியது. இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், “சூடான நாட்டுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று அதையே பிடுங்கி எறிந்தார்கள். இன்றும் இந்த அறிவுரை கொடுப்போர் உள்ளனர். அது சரியல்ல. எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை பெற்றோல் கூடுதலாக எரியும், ஒயிலில் ஈரம் சேர்ந்து சேறாகும், தேய்மானம் கூடும். சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

சரி, மூடி இறுகிவிட்டது. கொழும்புக்கு எழுதிப் புது மூடி எடுத்துவிடலாமே என்று இன்றைய பிள்ளை கேட்கும். அங்கேதான் வரலாறு வருகிறது.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி கரையத் தொடங்கியபோது முதலில் கட்டுப்படுத்தப்பட்ட ஆடம்பரப் பொருட்களில் கார் ஒன்று. அதற்கு முன்னர் வந்திறங்கிய மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பீஜோ போன்றவைதான் அதன் பிறகு நாட்டின் கார்கள். 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 1973 இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது இன்னொரு அடி. உதிரிப்பாகம் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குள் 1971 இல் மைனர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஒரு காரை எறிந்தால் அடுத்த கார் கிடையாது. ஒரு மூடியை உடைத்தால் அடுத்த மூடி பஞ்சிகாவத்தையில் யாராவது உடைத்த காரில் இருந்து கழன்று வந்தால்தான் உண்டு. மருதானைப் பக்கத்துப் பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களின் நாளங்காடியாக நிலைத்ததில் இந்தக் காலங்களுக்குப் பங்குண்டு. அங்கே கடை வைத்த நம்மவர்கள் பலர் ஆங்கிலம் எழுதத் தெரியாமலே ஒஸ்டினுக்கும் மொரிஸுக்கும் எந்தப் பாகம் பொருந்தும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இதே காலத்தில் கல்வியிலும் ஒரு முயற்சி நடந்தது. 1972 சீர்திருத்தத்தில் ‘தொழில் முன்னிலைப் பாடம்’ என்று ஒன்றைக் கனிஷ்ட வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதைப் பாடசாலையில் படிப்பது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அந்தப் பாடத்தைக் கேலி செய்தவர்கள் அன்று அதிகம், எமது சமூகத்திலும் கூட. நமது பெற்றோர்களுக்குப் பிள்ளை டொக்டராகவோ மௌலவியாகவோ கிளாக்கராகவோ வர வேண்டும். கையில் கிறீஸ் படுவது தோல்வியின் அடையாளம். மேடையில் மட்டும் அல் ஜஸரி 1206 இலேயே பிஸ்டன் பம்ப் வரைந்தார் என்று பெருமை பேசுவோம். அல் ஜஸரி கையில் அழுக்குப் படாமல் அதைச் செய்தார் என்று யார் சொன்னது?

பாடசாலை கற்பிக்காததைக் கொட்டில்கள் கற்பித்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்ற பிறகு, ஒயில் பிடித்த சாரனைக் கட்டிக்கொண்டு, அண்டை வீட்டு நானாவையும் கூப்பிட்டுக்கொண்டு பொனட்டைத் திறப்பார்கள். மைனரோடு வந்த கைநூலிலேயே ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது எப்படி என்று இருந்தது. அன்றைய பெற்றோலும் ஒயிலும் விட்ட கரி அப்படி. காரின் சொந்தக்காரரே செய்யும் வேலையாகத்தான் கம்பனி அதைக் கருதியது.

அவர்கள் செய்த முறையைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். தேவைப்படுபவருக்கு உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் மூடி. மூன்று நட். அரை அங்குல ஸ்பனர். பிரித்தானியக் கார் என்பதால் அளவு அங்குலத்தில். ஜப்பான் காரின் 12, 13 சாவியைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை உருண்டுவிடும், பிறகு வேலை இரட்டிப்பு. நட்டைத் தொடுவதற்கு இரண்டு நாள் முன்பே மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் கலந்து ஸ்டட்டின் அடியில் விட்டுவிடுவார்கள். காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் மெல்லியது, நூல் போன்ற வெடிப்புக்குள்ளும் இறங்கும். நட் கழன்ற பிறகு மூடியை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. ஒரு மரக்கட்டையை மூடியின் பக்கத்தில் வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும், இடமிருந்து, பிறகு வலமிருந்து. மூன்று ஸ்டட் இருப்பதால் மூடி சுழலாது. ஆனால் மயிரளவு அசையும். அந்த அசைவில் வெள்ளைப் பொடி உடைகிறது. மறுபடி எண்ணெய். மறுபடி தட்டு. கேத்தல் சுடுதண்ணீரை மூடியின் மேல் ஊற்றுவார்கள். அலுமினியம் இரும்பை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் துளை ஸ்டட்டை விட்டுக் கொஞ்சம் விலகும்.

சூடான ஸ்டட்டில் மெழுகுதிரியை வைத்துத் தேய்ப்பது இன்னொரு வழி. உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டுப் போகும். மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் ஊதுவிளக்கைக் காட்டக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனாலும் சொல்லி வைக்கிறோம். எது சூடோ அது முதலில், எண்ணெய் பிறகு.

செய்யக்கூடாத ஒன்று, எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது: மூடிக்கும் ஹெட்டுக்கும் இடையில் உளியை வைத்து அடிப்பது. மூடி கழரும். ஆனால் முகம் காயப்பட்டுவிடும், எந்த கேஸ்கட் போட்டாலும் தண்ணீர் ஒழுகும். அல்லது மூடியின் காது உடையும். 1974 இல் காது உடைந்தால் கார் மாதக்கணக்கில் கொட்டிலில்தான்.

ஸ்டட் ஒன்று அடியோடு முறிந்துவிட்டால்? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணுவார்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே முறிந்திருந்தால் நடுவில் துளையிட வேண்டும். துளை ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்டின் மரையும் போய்விடும். இந்த இடத்தில் வீட்டு வேலையை நிறுத்தி லேத் வைத்திருப்பவரிடம் கொண்டுபோனவர்கள்தான் புத்திசாலிகள்.

அடுத்தது ஹெட். இது பெரிய வேலை. தண்ணீரை இறக்கி, பற்றரி வயரைக் கழற்றி, காபரேட்டரையும் மெனிஃபோல்டையும் விடுவித்து, ரொக்கர் மூடியைத் திறந்தால் மேலே ஒன்பது பெரிய நட் தெரியும். ஒன்பதில் நான்கு ரொக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கும். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. எல்லா நட்டையும் முறைவைத்து ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் வளையும். புஷ்ரொட் எட்டு. வெறும் அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, ஒன்று முதல் எட்டு வரை எழுதி, வந்த ஒழுங்கில் செருகி வைப்பார்கள். தேய்ந்த இடம் தேய்ந்த இடத்தோடுதான் சேர வேண்டும்.

எல்லாம் கழன்ற பிறகும் ஹெட் அசையாது. கேஸ்கட் ஒட்டியிருக்கும், ஒன்பது ஸ்டட்டிலும் துரு பிடித்திருக்கும். அலவாங்கைத் தேடிப் போகும் நேரம் இதுதான். அனுபவசாலிகள் அலவாங்கை ஒளித்து வைத்துவிட்டுச் செய்த வேலை அழகானது. ஸ்பார்க் பிளக்குகளை மட்டும் அதனதன் இடத்தில் விட்டுவிட்டு, இரண்டு நட்டை நான்கு ஐந்து மரை மட்டும் பிடிக்கும்படி தளர்வாகப் போட்டு, காரின் முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். புஷ்ரொட் இல்லாததால் எட்டு வால்வும் மூடியே இருக்கும். மேலே வரும் பிஸ்டன் காற்றை நெருக்கும். காற்றுக்கு வழியில்லை. அது ஹெட்டை மேலே தள்ளும். ‘பிஸ்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சினே தன் மூடியைத் திறந்து கொடுக்கிறது. அதற்கும் அசையாத ஹெட்டுக்கு பிளக் துளை வழியாகக் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, பிஸ்டனால் கயிற்றை மேலே அழுத்தச் செய்தவர்களும் உண்டு. கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்க வேண்டும்.

கடைகளில் இப்போது நீலமும் மஞ்சளுமாக நிற்கும் டபிள்யூடி-40 டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. பெயரின் பொருளே தண்ணீரை விலக்குவது. 40 என்பது நாற்பதாவது முயற்சி. இறுகியதை இளக்குவதற்கென்று பிறந்ததல்ல. இலேசான துருவுக்குப் போதும். பத்து வருடம் இறுகிய ஸ்டட்டுக்கு அதற்கென்றே செய்த எண்ணெயும் நேரமும் வேண்டும்.

1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதி திறந்தது. ஜப்பான் கார்கள் வந்தன, அவற்றோடு மில்லிமீற்றர் சாவிகளும் வந்தன. தெற்கில் மைனர் மெல்லக் கொட்டிலுக்குப் பின்வாங்கியது. (1990களில் இங்கே செய்யப்பட்ட மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு ஏற்றுமதியானது தனிக் கதை. காரைச் செய்தவர்களுக்கே நாம் பாகம் செய்து கொடுத்தோம்.)

வடக்கில் கதை வேறு. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. கிடைத்தது மண்ணெண்ணெய்தான், அதுவும் அளவோடு, ஏறிய விலையில். குடாநாட்டில் எஞ்சியிருந்த மைனரும் ஒஸ்டின் ஏ40யும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இந்த யோசனை புதிதல்ல. 1949 இல் வந்த பெர்குசன் டிரக்டர் ஒன்று பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடும்படியே செய்யப்பட்டது. ஆனால் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையே நீர்க்கச் செய்யும். மேலே கரி மண்டும். சுருக்க விகிதம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்கள்தான் இதைத் தாங்கின. ஜப்பானின் புதிய கார்கள் நின்றுவிட, ஒதுக்கி வைத்திருந்த கிழட்டு மைனர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டும் வேலை அங்கே திரும்பத் திரும்ப நடந்தது.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பழைய இரும்புக் கடைகளும் லொறித் தொழிலும் வைத்திருந்தவர்கள் அவர்களில் இருந்தனர். கடையும் ஆயுதப் பெட்டியும் அங்கே நின்றுவிட, புத்தளத்து ஓலைக் குடிசைகளுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்களின் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும் பதிவுகள் இப்போது நிறைய வருகின்றன. அந்தக் கதையின் தொடக்கத்திலேயே ஒரு சமூகம் காணாமல் போனது அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறோம்.

இன்னொரு விடயமும் பேசப்படுவதில்லை. ஹெட்டைக் கழற்றிய பிறகு என்ன செய்தார்கள்? கரியைச் சுரண்டினார்கள். தூளை வாயால் ஊதினார்கள். பழைய கேஸ்கட்டைக் கத்தியால் வழித்தார்கள். அந்தக் கேஸ்கட் செப்புத் தகட்டுக்கு நடுவே அஸ்பெஸ்டஸ். பிரேக் லைனிங்கும் அஸ்பெஸ்டஸ். வால்வில் சாம்பல் நிறமாகப் படிந்திருந்ததில் ஈயம். எஞ்சின் தட்டாமல் இருக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்; 1924 இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்கப்பட்டது. அதுவரை இந்நாட்டில் ஹெட் சுரண்டிய ஒவ்வொரு கையும் ஈயத்தைத் தொட்டிருக்கிறது. அந்தக் கைகளில் பல, பத்துப் பன்னிரண்டு வயதில் பாடசாலையை விட்டு கராஜில் கோலயாவாகச் சேர்ந்த பிள்ளைகளின் கைகள். சுரண்டும் வேலையை எப்போதும் சின்னவனுக்குத்தான் கொடுப்பார்கள். கை கழுவாமல் அதே கையால் பணிஸ் தின்றிருப்பான். வளரும் பிள்ளையின் மூளைக்கு ஈயம் என்ன செய்யும் என்பது இன்று மருத்துவ உலகுக்கு நன்றாகத் தெரியும். “அந்தக் காலத்து ஆட்கள் தட்டுப்பாட்டிலும் எப்படிச் சமாளித்தார்கள்” என்று புகழும்போது, சமாளித்தவர்களின் நெஞ்சுக்குள் எது போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடிய பொருளாதாரம் திறமையை வளர்த்தது என்ற பேச்சை நாம் முழுமையாக ஏற்பதில்லை. திறமை வளர்ந்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தது யார் என்பதும் உண்மை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. இம்முறை கொரோனாவும் டொலர் தட்டுப்பாடும். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்றார்கள். பிறகு கியூஆர் அட்டை. வரிசையில் இரவு பகலாக நின்றவர்களுக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை. ஓடாத வாகனங்கள் வீடுகளில் நின்றன. நிற்கும் எஞ்சின் ஓடும் எஞ்சினை விட வேகமாக இறுகும். உள்ளே தண்ணீர் அசையாமல் ஒரே இடத்தை அரிக்கிறது. நமது ஊரில் பல வீடுகளில் டொல்பின் வான்களும் பழைய கார்களும் அப்படி நின்றுவிட்டு, 2023 இல் ஸ்டார்ட் பண்ணும்போது தண்ணீர் ஒழுகத் தொடங்கியதைப் பார்த்தோம். டீசல் வான்களில் ஹீட்டர் பிளக் இறுகி, இழுத்த இழுப்பில் பாதி ஹெட்டுக்குள் முறிந்தது. குளிர்ந்த எஞ்சினில் பலம் போட்டால் அப்படித்தான் ஆகும். எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று அசைத்தே எடுக்க வேண்டும். மைனரின் மூடிக்குச் சொன்ன அதே பாடம்.

வித்தியாசம் என்னவென்றால் இம்முறை கொட்டில்களில் ஆள் இல்லை. 1960களில் ஒரு தெருவுக்கு நான்கு பேர் ஹெட் கழற்றத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இப்போது ஒரு ஊருக்கு நான்கு பேர். அவர்களிலும் இருவர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். போனில் வீடியோ பார்த்துப் பழகிய இளைஞர்கள் சிலர் நன்றாகவே வேலை செய்கிறார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் வீடியோவில் காட்டுபவரின் கையில் அந்த மூடி ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடும். இரண்டு நாள் எண்ணெய் ஊறிய பகுதியை வெட்டிவிட்டிருப்பார்கள்.

2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்த விலையைப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோருக்கு அது இன்னும் மூடியதுதான். ஆகவே கொட்டிலில் நிற்பதைத் திருத்தி ஓட்டும் எண்ணம் உள்ளவர்களுக்குச் சில வேலைகள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் என்றால் முழுவதும் இறக்கி, துருத்தடுப்பு மருந்து உள்ள கூலன்ட் ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்க வேண்டாம், மரக்கட்டையாவது வையுங்கள். பழைய கேஸ்கட்டை வழிக்கும்போது தண்ணீரால் நனைத்து வழியுங்கள், நுண்ணிய தூளைத் தடுக்கும் முகக்கவசம் போடுங்கள்; கொரோனா காலத்துச் சாதாரண முகக்கவசம் அஸ்பெஸ்டஸுக்குப் போதாது. அந்தத் தூள் உள்ள இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். மூடியை மீண்டும் பூட்டும்போது ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மெல்லியதாகக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். அடுத்த முறை இரண்டு நாள் ஊற வைக்கத் தேவைப்படாது.

மைனர் அல்லது ஒஸ்டின் கைநூல், இறக்குமதி அனுமதிப்பத்திரம், பழைய கராஜ் பில் போன்றவை யாருடைய வீட்டிலாவது இருந்தால் எறிந்துவிடாமல் எமக்கு அறியத் தாருங்கள். பாடசாலைக் கண்காட்சியில் வைத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். ஊரில் முதல் மைனர் எந்த வீட்டுக்கு வந்தது என்பதற்கு இதுவரை எமக்கு மூன்று வெவ்வேறு பதில் கிடைத்திருக்கிறது. மூன்று வீட்டாரும் இதை வாசிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.